புள்ளி சரி... படம் சரியா?

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளுக்கு ஊர் எல்லை என்று ஒன்று கிடையாது. இந்த வாரம் ராசிபுரம் பக்கம் போர் போடும் வண்டி, அடுத்த மாதம் ஆந்திராவிலோ மத்தியப் பிரதேசத்திலோ நிற்கும். முன்பெல்லாம் ஏஜென்ட் ஒருவர் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்து, வண்டியில் ஏறிக்கொண்டு, தோட்டம் வரைக்கும் வழி சொல்லிக் கூட்டிப் போவார். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் வரும் ஒரு சிவப்புப் புள்ளி பார்த்துவிடுகிறது.

"லொகேஷன் அனுப்பிச்சுட்டனுங்கண்ணா, அதப் பாத்தே வந்துருங்க" என்கிறார் தோட்டத்துக்காரர்.

ராத்திரி பதினொரு மணிக்கு ரிக் வண்டியும் பின்னாலேயே சப்போர்ட் லாரியும் போய்ச் சேர்கின்றன. தோட்டத்தையும் காணோம், ஆளையும் காணோம்.

"ஏனுங்க, நீங்க அனுப்புன எடத்துலதான் நிக்கறோம்ங்க. இங்க ஒரு டீக்கடைதான் பூட்டிக் கெடக்குதுங்க."

"அட, அந்தக் கடையில உக்காந்துதானுங்க லொகேஷன் போட்டேன். தோட்டம் அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டரு உள்ள வரோணுங்க!"

இந்த மாதிரிக் கூத்துக்குச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால், இதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அனுப்பியவர் இருந்த இடத்தை போன் சரியாகத்தான் சொன்னது. வந்தவரையும் அதே இடத்தில்தான் கொண்டுவந்து நிறுத்தியது. கேட்ட கேள்வி ஒன்று, கிடைத்த பதில் வேறொன்று, அவ்வளவுதான்.

போன் திரையில் ஒரே படமாகத் தெரிவதில் உண்மையில் இரண்டு விஷயங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, 'இந்தக் கருவி இப்போது எங்கே இருக்கிறது' என்று சொல்லும் நீலப் புள்ளி. அது வானத்திலிருந்து வருகிறது. இன்னொன்று, 'அந்த இடத்தில் என்ன இருக்கிறது' என்று சொல்லும் வரைபடம். அது எங்கோ ஓர் அலுவலகத்தில், யாரோ வரைந்தது. புள்ளி சரியாக இருந்து படம் தப்பாக இருக்கலாம். படம் சரியாக இருந்து புள்ளி தள்ளி நிற்கலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதித் தொல்லை தீர்ந்தது.

புள்ளி எங்கிருந்து வருகிறது?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்கா நடத்தும் செயற்கைக்கோள் கூட்டம். பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு கோளும், 'இப்போது மணி இத்தனை, நான் இங்கே இருக்கிறேன்' என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதை வைத்து, கோள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கையில் இருக்கும் கருவி கணக்குப் போடுகிறது. இப்படிக் குறைந்தது நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால் இடம் தெரிந்துவிடும்.

எல்லாமே நேரக் கணக்கு. ஒரு விநாடியைப் பத்து லட்சம் பங்காக்கி, அதில் ஒரே ஒரு பங்கு பிசகினால்கூட இடம் 300 மீட்டர் தள்ளிப்போகும். அதனால்தான் கோள்களில் அணுக் கடிகாரம் வைத்திருக்கிறார்கள்.

இன்றைய போன்கள் அமெரிக்காவின் ஜி.பி.எஸ்.ஸை மட்டும் நம்பியிருப்பதில்லை. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்கின்றன. புதிய போன்கள் பலவற்றில் இஸ்ரோவின் நாவிக்கும் உண்டு. எத்தனை கோள் கண்ணில் படுகிறதோ அத்தனைக்கு நல்லது.

1990-களில் இந்தத் துல்லியம் பொதுமக்களுக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியதால், புள்ளி 100 மீட்டர் வரை அலைந்தது. 2000-ம் ஆண்டு மே மாதம் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார்கள். இப்போது திறந்த வானத்தின் கீழே, ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் சுமார் 5 மீட்டருக்குள் இடத்தைச் சொல்லிவிடும் என்பது அமெரிக்க அரசே தரும் கணக்கு.

சேலம், நாமக்கல் சமவெளி இதற்கு ஏற்ற இடம்தான். மானாவாரிக் காட்டின் நடுவில் நின்றால் நாலாபக்கமும் வானம். அங்கே புள்ளி நன்றாகவே நிற்கும். ஆனால், அதே போனைத் தென்னந்தோப்புக்குள் கொண்டுபோனால் மட்டைகள் மறைக்கும். கோழிப்பண்ணையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் அலை உள்ளே வருவதே பாடு. சேலம் கடைவீதியில் நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே, அலை ஒரு சுவரில் பட்டு எகிறி, சுற்றி வந்து சேரும். சுற்றி வந்த தூரத்தையும் போன் நேர்த் தூரம் என்றே எடுத்துக்கொள்ளும். உடனே புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவிவிடும். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைச் சாலையில் மலையே பாதி வானத்தை மறைத்துக்கொள்ளும்.

புள்ளியைச் சுற்றி வெளிர்நீல நிறத்தில் ஒரு வட்டம் தெரியும். பலரும் அதைப் பார்ப்பதே இல்லை. 'இதற்குள் எங்கோதான் இருக்கிறீர்கள்' என்று போன் அடக்கத்தோடு சொல்லும் இடம் அது. அதையும் நூற்றுக்கு நூறு நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு போனில் அந்த வட்டத்துக்கு உள்ளே இருப்பதற்கான வாய்ப்பு 68 சதவிகிதம் என்றுதான் கணக்கு. அதாவது, மூன்று தடவையில் ஒரு தடவை ஆள் வட்டத்துக்கு வெளியே நிற்கக்கூடும். வட்டம் பெரிதாக இருக்கும்போது லொகேஷன் அனுப்பினால், அந்தப் பெரிய சந்தேகத்தையும் சேர்த்தே அனுப்புகிறார்கள் என்று பொருள்.

'டவர் இல்லை, அதனால் ஜி.பி.எஸ். வேலை செய்யாது' என்று சொல்வதும் சரியில்லை. கோள்களின் அலையைக் கேட்க நெட்டும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். நெட் இல்லாமல் போனால் வராமல் போவது படம்தான். வெற்றுத் திரையில் புள்ளி மட்டும் தனியே நிற்கும். நெட் இருந்தால் கோள்கள் எங்கே இருக்கின்றன என்ற விவரம் சீக்கிரம் வந்துவிடும். இல்லையென்றால் அதையும் கோள்களிடமிருந்தே கேட்டு வாங்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ரொம்ப நாள் அணைத்து வைத்திருந்த கருவி என்றால் சில நிமிடங்கள்கூட ஆகும். வெட்டவெளியில் பொறுமையாக நிற்க வேண்டியதுதான்.

படத்தை வரைந்தது யார்?

இனி படத்துக்கு வருவோம். போன் மேப்பில் உள்ள சாலைகள் பல வழிகளில் வந்தவை. செயற்கைக்கோள் புகைப்படத்தைப் பார்த்து வரைந்தவை உண்டு. பொதுமக்கள் சேர்த்தவை உண்டு. வண்டிகள் போன தடத்தைப் பார்த்து ஊகித்தவையும் உண்டு.

மேலிருந்து பார்க்கும்போது தோட்டங்களுக்கு நடுவே போகும் இட்டேரியும் ஒரு கோடு, தார்ச்சாலையும் ஒரு கோடு. இரண்டு பக்கமும் வேலி நெருக்கும் இட்டேரியில் மாட்டுவண்டி போகும், பைக் போகும், ரிக் லாரி போகுமா? அதைப் படம் சொல்லாது. ரயில் பாதைக்குக் கீழே போகும் சுரங்கப்பாலத்தின் உயரம் என்ன, மழை பெய்தால் அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதும் தெரியாது. காருக்கு வழி சொல்லும் சாதாரண மேப்புக்கு, தன்னை நம்பி வருவது ரிக் வண்டியா, முட்டை லாரியா, மாருதி காரா என்பதே தெரியாது.

2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில் நடந்தது பலருக்கும் நினைவிருக்கும். சுற்றுலா முடிந்து கர்நாடகத்துக்குத் திரும்பிய நண்பர்களின் கார், மேப் காட்டிய சீக்கிர வழியில் போய், கடைசியில் படிக்கட்டில் இறங்கி நின்றது. அக்கம்பக்கத்தாரும் போலீஸாரும் சேர்ந்து வண்டியை மீட்டார்கள். யாருக்கும் காயமில்லை. அங்கே நீலப் புள்ளி தவறு செய்யவில்லை. படிக்கட்டைச் சாலை என்று எடுத்துக்கொண்டது படம்.

அதே ஆண்டு நவம்பர் 24-ல் உத்தரப் பிரதேசத்தில் நடந்ததைச் சிரித்துக் கடக்க முடியாது. பரேலி பக்கம் ராம்கங்கா ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதியை வெள்ளம் முன்பே அடித்துச் சென்றிருந்தது. மேப்பில் பாலம் முழுசாகவே இருந்தது. அதைப் பார்த்து வந்ததாகச் சொல்லப்பட்ட கார், பாலம் முடிந்த இடத்தில் கீழே விழுந்து, மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தை அடைத்துவைக்காமல் விட்டதற்காகப் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் மீதும் வழக்குப் பதிவானது. பாலம் இடிவது ஒரு நாளில் நடந்துவிடும். இடிந்த செய்தி படத்துக்குப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகலாம்.

ஊர்ப் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. சேலம் மாவட்டத்தில் ஆத்தூர் இருக்கிறது. திண்டுக்கல்லிலும் தூத்துக்குடியிலும் அதே பெயரில் ஊர்கள் இருக்கின்றன. வீரபாண்டி சேலத்தில் உண்டு, தேனியில் உண்டு, திருப்பூர்ப் பக்கமும் உண்டு. பெயரைத் தட்டியதும் முதலில் வருவதைத் தொட்டுவிட்டுக் கிளம்பினால், மேப் நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், வேறு மாவட்டத்துக்கு.

பத்து சென்ட் பதினான்கு ஆகும் கணக்கு

இதெல்லாம் வழி தவறும் விஷயம். டீசலும் நேரமும் வீணாவதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். போனை வைத்துக்கொண்டு நிலம் அளக்கப் போனால் விவகாரம் வேறு.

பிளே ஸ்டோரில் நில அளவைக்கென்றே நிறைய ஆப்கள் இருக்கின்றன. வரப்பைச் சுற்றி நடந்தால் போதும், இத்தனை சென்ட் என்று காட்டிவிடும். பத்து ஏக்கர் காட்டில் உத்தேசமாக எவ்வளவு உழுதார்கள் என்று டிராக்டர்க்காரரிடம் கணக்குப் பார்க்க அது போதும். வீட்டு மனைக்குப் போதாது.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். 10 சென்ட் மனை என்பது ஏறத்தாழ 20 மீட்டருக்கு 20 மீட்டர். போன் நல்ல நிலையில் இருக்கிறது, ஒவ்வோர் ஓரத்திலும் 2 மீட்டர்தான் பிசகுகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லாப் பிசகும் வெளிப்பக்கமாக விழுந்தால் மனை 24-க்கு 24 ஆகிவிடும். அது 14 சென்ட்டுக்கு மேல். உள்பக்கமாக விழுந்தால் 16-க்கு 16. அதாவது 6 சென்ட்டும் கொஞ்சமும். எல்லாப் பிசகும் ஒரே பக்கம் விழுவது அபூர்வம்தான். ஆனாலும், பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோக ஒரு சென்ட் வித்தியாசம் போதாதா?

பெரிய நிலத்தில் இதே 2 மீட்டர் பிசகு கணக்கில் கரைந்துவிடும். சின்ன இடத்தில் அது கணக்கையே விழுங்கிவிடும். 'போனில் அளந்தேன், பக்கத்துத் தோட்டத்துக்காரர் பொழியைத் தாண்டி வந்திருக்கிறார்' என்று சண்டைக்குக் கிளம்பும் முன் இதை நினைத்துக்கொள்வது நல்லது.

நில அளவைத் துறை செய்வது வேறு வகை வேலை. புலப்படம் என்கிற எஃப்.எம்.பி.யில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எல்லைக் கோடுகளின் நீளம் எழுதியிருக்கிறது. அந்த அளவுகள் தரையில் இருக்கும் சர்வே கல்லோடு கட்டிப்போட்டவை. தமிழக அரசின் நில ஆவண இணையதளத்தில் பட்டாவோடு புலப்படத்தையும் பார்த்துக்கொள்ளலாம். எல்லையில் சந்தேகம் வந்தால், 'அத்து காட்ட' மனுக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், சர்வேயர் வந்து புலப்படத்தின்படி அளந்து காட்டுவார். சர்வேயர்களும் இப்போது செயற்கைக்கோள் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால், அது போன் ரகம் அல்ல. இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையம், 'இந்த நிமிடம் கோள்கள் சொல்வதில் பிழை இவ்வளவு' என்று கண்டுபிடித்துச் சொல்ல, கையில் இருக்கும் கருவி அந்தப் பிழையைக் கழித்துவிடுகிறது. அதனால்தான் அதில் சென்டிமீட்டர் கணக்கு கிடைக்கிறது.

ஏணி போட்டுத் தாண்டிய வேட்டைக்காரர்கள்

கைக்கு அடக்கமான ஜி.பி.எஸ். கருவிகள் வெளிநாடுகளில் அதிகம் விற்பது வேட்டைக்காரர்கள், மலையேறிகள், மீன்பிடிப்பவர்கள் மத்தியில்தான். இந்தியாவில் 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டைக்கு இடமில்லை. முயல் பிடித்தால்கூட வனத்துறை வழக்குப் போடும். இங்கே காட்டுக்குள் ஜி.பி.எஸ்.ஸோடு நடப்பவர்கள் வேட்டையைத் தடுக்கப் போகிறவர்கள். புலிகள் காப்பகங்களில் ரோந்து போகும் வனக் காவலர்கள் எந்தத் தடத்தில் நடந்தார்கள், எங்கே கால்தடம் கண்டார்கள் என்பதைப் பதிவு செய்ய 'எம்-ஸ்ட்ரைப்ஸ்' என்ற முறையே இருக்கிறது.

வேட்டைக்குச் சட்டப்படி உரிமம் கொடுக்கும் அமெரிக்காவில், வேட்டைக்காரரின் பெரிய கவலை மானைப் பற்றியது மட்டுமல்ல, வேலியைப் பற்றியதும்தான். பொது நிலத்தில் வேட்டையாடலாம். ஓர் அடி தள்ளித் தனியார் நிலத்தில் கால் வைத்தால் அத்துமீறல். வயோமிங் மாநிலத்தில் எல்க் மலைப் பகுதியில் பொது நிலமும் தனியார் நிலமும் சதுரங்கப் பலகையின் கறுப்பு, வெள்ளைக் கட்டங்களைப் போல மாறி மாறிக் கிடக்கின்றன. ஒரு வெள்ளைக் கட்டத்திலிருந்து அடுத்த வெள்ளைக் கட்டத்துக்குப் போக வேண்டுமென்றால், நான்கு கட்டங்கள் கூடும் மூலைப்புள்ளி ஒன்றுதான் வழி.

2021-ல் நான்கு வேட்டைக்காரர்கள் அந்த மூலையைப் போன் ஆப் உதவியோடு தேடிப் போனார்கள். ஆப் அவர்களை மூலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. ஆனால், அவர்கள் ஆப் காட்டிய இடத்தில் அப்படியே தாண்டிவிடவில்லை. தரையில் அரசு நில அளவையாளர்கள் பதித்திருந்த எல்லைக் குறியைத் தேடிக் கண்டுபிடித்து, அதற்கு மேலே ஏணி போட்டு, தனியார் மண்ணில் கால் படாமல் அந்தப் பக்கம் இறங்கினார்கள். அத்துமீறல் வழக்கும் வந்தது, கோடிக்கணக்கில் நஷ்டஈடு கேட்டும் வழக்கு வந்தது. 2022-ல் ஜூரி அவர்களை விடுவித்தது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொன்னது.

சட்ட நுணுக்கம் எப்படியோ போகட்டும். ஆப் காட்டிய புள்ளியையே மூலை என்று நம்பி, நாலு மீட்டர் தள்ளி ஏணி போட்டிருந்தால், அவர்கள் இறங்கியிருப்பது அடுத்தவர் நிலத்தில். ஆப் மூலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மூலை எது என்று காட்டியது தரையில் இருந்த குறி.

போர் போடுகிறவர்களுக்கு இது புதிய பாடமில்லை. நீரோட்டம் பார்க்கிறவர் 'பாயிண்ட்' குறித்துவிட்டுப் போகும் இடத்தில் ஒரு கல்லோ முளைக்குச்சியோ நட்டு வைத்திருப்பார்கள். ரிக் வண்டியைத் தோட்டம் வரை கொண்டுவருவது லொகேஷன். துளை விழுவது குச்சி நட்ட இடத்தில். போனைப் பார்த்துக்கொண்டே யாரும் துளை போடுவதில்லை.

பழைய படம், புதிய புள்ளி

சரியான படத்திலும் ஒரு சிக்கல் வரலாம். 1802-ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலை, பின்னால் இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்த பெரிய சர்வேயாக வளர்ந்தது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், பூமியின் வடிவத்துக்கு 1830-ல் ஒரு கணக்கு வகுத்தார். இந்திய சர்வே துறையின் பழைய டோப்போ ஷீட்கள் எல்லாம் அந்தக் கணக்கின் மேல் வரைந்தவை. சேலமும் நாமக்கல்லும் வருவது 58-ஐ என்ற எண்ணுள்ள தாளில்.

செயற்கைக்கோள்கள் பூமிக்கு வேறொரு கணக்கைப் பயன்படுத்துகின்றன. அதன் பெயர் டபிள்யூ.ஜி.எஸ். 84. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. பழைய தாளிலிருந்து ஒரு கோயிலின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து அப்படியே ஜி.பி.எஸ்.ஸில் போட்டால், இந்தப் பகுதியில் 100 மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும். தாளும் பொய் சொல்லவில்லை, கருவியும் பொய் சொல்லவில்லை. ஒன்று பேசுவது ஒரு பாஷை, மற்றது பேசுவது வேறு பாஷை. 2005-ன் வரைபடக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வந்த இந்திய சர்வே தாள்கள் புதிய கணக்கில் இருக்கின்றன. கைக்கருவியில் 'டேட்டம்' என்று ஓர் அமைப்பு இருக்கும். தாளில் எழுதியிருப்பதும் அதில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

எண்ணை எழுதும் முறையிலும் இதே கதைதான். சேலத்தின் அட்சரேகை 11 பாகை 39 நிமிடம். தசமத்தில் எழுதினால் 11.65. பாகை, நிமிடத்தைத் தசமம் என்று நினைத்து 11.39 என்று தட்டினால், புள்ளி சேலத்துக்குத் தெற்கே சுமார் 29 கிலோமீட்டர் போய், ராசிபுரத்தையும் தாண்டி விழும். தசமத்துக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதும் முக்கியம். மூன்று இலக்கம் என்றால் 110 மீட்டர் அளவுக்குத்தான் இடம் புரியும், நான்கு என்றால் 11 மீட்டர், ஐந்து என்றால் ஏறத்தாழ ஒரு மீட்டர். எண்ணைப் போனில் வாய்மொழியாகச் சொல்லும்போது கடைசி இரண்டை விட்டுவிட்டால் தோட்டமே மாறிப்போகும்.

தனிக் கருவி வாங்கலாமா?

ஏற்காட்டுக்கோ கொல்லிமலைக்கோ அடிக்கடி நடைப்பயணம் போகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. துல்லியத்துக்காக என்றால், இன்றைய நல்ல போனுக்கும் சாதாரணக் கைக்கருவிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கருவியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. பென்சில் பேட்டரி போட்டால் பகல் முழுக்க ஓடும். மழையில் நனையலாம், பாறையில் விழலாம். ஈரக் கையோடு பொத்தானை அழுத்தலாம். ஒரே இடத்தைப் பல முறை பார்த்து சராசரி எடுக்கும் வசதியும் பலவற்றில் உண்டு. ஆனால், அதில் இருக்கும் படம் பழசு என்றால், எவ்வளவு விலை கொடுத்தாலும் படம் பழசுதான்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. சேட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் வசதி உள்ள கருவிகளை அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் அன்பாகக் கொண்டுவந்து கொடுத்தாலும் ஏர்போர்ட்டிலேயே சிக்கல் வரும். இடத்தை மட்டும் காட்டும் சாதாரண ஜி.பி.எஸ்.ஸுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரிந்து வாங்க வேண்டும்.

இடம் சொல்லும் முறை

லொகேஷன் அனுப்புகிறவர் வீட்டிலிருந்தோ கடையிலிருந்தோ அனுப்பாமல், வண்டி வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்று அனுப்புவது முதல் விதி. கூரைக்கும் மரத்துக்கும் வெளியே வந்து ஒரு நிமிடம் நின்றால் வட்டம் சுருங்கும். சுருங்கியதும் அனுப்பலாம். வாட்ஸ்அப்பில் பக்கத்துக் கடைகளின் பட்டியல் வரும். அதில் ஒன்றைத் தொட்டால் போவது கடையின் இடம்; 'தற்போதைய இடம்' என்பதைத்தான் தொட வேண்டும்.

வாங்குகிறவர் புள்ளியை மட்டும் பார்க்காமல், செயற்கைக்கோள் படத்தையும் போட்டுப் பார்த்து, 'கிணத்துக்குப் பக்கத்துல தெரியற ஓட்டு வீடுதானுங்களே?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கடைசி ஒரு கிலோமீட்டருக்கு வழி கேட்க மேப்பை விட ஆடு மேய்க்கிறவர் மேல். பாதை சுருங்கினால், இருட்டினால், தண்ணீர் ஓடினால், இறங்கிப் பார்க்காமல் வண்டியை விடக்கூடாது. மலைக்குப் போகும் முன் அந்தப் பகுதியின் படத்தை வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொண்டால், டவர் போனாலும் படம் இருக்கும்.

அஞ்சல் துறை 2025 மே மாதம் 'டிஜிபின்' என்று ஒரு முறையைக் கொண்டுவந்திருக்கிறது. நாடு முழுவதையும் சுமார் 4 மீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்து, எண் கொண்ட குறியீடு. கதவு எண் இல்லாத தோட்டத்து வீடுகளுக்கு இது உதவும். ஒருமுறை வீட்டு வாசலில் நின்று எடுத்து எழுதி, சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 108-ஐ அழைக்கும் நேரம் ஒன்று வரலாம். அப்போது லொகேஷன் அனுப்பத் தெரியாத பாட்டி மட்டும்தான் வீட்டில் இருக்கலாம். ஊராட்சியின் பெயர், ஒன்றியத்தின் பெயர், மெயின் ரோட்டில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், திரும்பும் இடத்தில் என்ன கோயில், என்ன பள்ளிக்கூடம் என்று நாலு வரி சொல்லத் தெரிந்தால் போதும். நெடுஞ்சாலை என்றால் பக்கத்தில் இருக்கும் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொல்லலாம். அந்தக் கல்லுக்கு சார்ஜ் தேவையில்லை, சிக்னலும் தேவையில்லை. இந்த நாலு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் இருக்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டி வைப்பது, போனில் புதிதாக எந்த ஆப்பை இறக்குவதையும் விட அவசரமான வேலை.